64,000 ரூபாவை விழுங்கிய மஞ்சள் விளக்கு

காரின் சில்லுகளை முன்பின்னாக மாற்றிப் பூட்டுவதை நான் வீட்டு முற்றத்திலேயே செய்வது வழக்கம். இந்தக் காரில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் காற்றழுத்த சென்சர் இருக்கிறது. மாற்றிய மறுநாள், சனிக்கிழமை, டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின் இடது சில்லில் காற்றழுத்தம் 24 psi, மற்ற மூன்றிலும் 33 என்று காட்டியது. பின் இடது சில்லை மட்டும் அளந்தேன் (என் மடத்தனம்); அதில் காற்றுச் சரியாகவே இருந்தது. குழம்பிப்போய் யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு ரயர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் கதிரை போட்டு, தேநீர் வரவழைத்து, ஒரு சிறு கருவியைச் சில்லுகளுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் கழட்டேக்க நாலு சென்சரும் செத்துப்போச்சு. யோசிக்காதேங்கோ, புதுசு போட்டுத் தாறன்" என்றார். "யோசிக்காதேங்கோ" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். ஒன்று 16,000 வீதம் 64,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு பிறகு தருவதாகச் சொன்னார். பழைய சென்சர்களைக் கேட்டபோது குப்பையில் போட்டாயிற்று என்றார்.

ஞாயிறு காலை அதே விளக்கு கொஞ்ச நேரம் கண்சிமிட்டிவிட்டு அணையாமல் நின்றது. அழுத்த எண்களும் மறைந்துவிட்டன. கோண்டாவிலில் ஒரு மெக்கானிக் பார்த்தார். முன் இடது ரயரில் ஆணி ஏறியிருந்தது. ரயரைக் கழற்றிப் பூட்டியவர்களின் கண்ணில் அது படவேயில்லை! சில்லுகள் இடம் மாறியது காரின் கணினிக்குத் தெரியாததால் முன்னால் குறைந்த காற்றைப் பின்னால் என்று காட்டியிருக்கிறது. ஆணியை எடுத்துப் பஞ்சர் ஒட்டி, சென்சர்களின் இடங்களைக் கணினியில் மீண்டும் பதிந்திருந்தால் போதுமாம். செத்த சென்சர் எண் காட்டாது. என்னுடையவை நான்கும் காட்டின! ஒரு சில்லைத் திறந்தபோது, "புது" சென்சரின் இடுக்குகளில் பழைய பஞ்சர் பசை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதன் அடையாள இலக்கமும் காரின் கணினியில் பதியப்படவில்லை; அழுத்த எண்கள் மறைந்தது அதனால்தான்.

திங்கள் கேட்கப் போனால், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். செவ்வாய், "நாளைக்கு வாங்கோ". புதன், "நீங்கள்தானே சில்லைக் கழட்டினனீங்கள்?" 64,000 ரூபாவை வாங்கும்போது இந்தக் கேள்வி வரவில்லை.

விளக்கு எரிந்தால் நான்கு சில்லுகளையும் அளந்து பாருங்கள். எண் தெரிந்தால் சென்சர் உயிரோடிருக்கிறது. பழையதைக் கையில் வாங்காமல், பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்க நினைக்கும் என்னிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இன்று காலை கடைக்கு மூன்று தடவை அழைத்தேன். மூன்றாவது தடவை பாதி மணியில் துண்டித்தார்கள்.