லைவ் அ லைவ் மறுஆக்கம்: நீண்டகாலம் ஆடிய பிறகு

1994 செப்டம்பரில் ஸ்கொயர் நிறுவனம் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட ‘லைவ் அ லைவ்’ என்ற வீடியோ கேம், 28 ஆண்டுகள் அதிகாரபூர்வமாக ஜப்பானைத் தாண்டி வரவில்லை. ரசிகர்கள் தாங்களே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே பிற நாட்டவர் அதை அறிந்திருந்தனர். 2022 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்சிலும், 2023 ஏப்ரலில் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் அதன் மறுஆக்கம் வெளியானது. ஸ்விட்ச் பதிப்பை வெளியான காலத்திலிருந்தே இடைவெளி விட்டு ஆடிவருகிறேன். பழைய ஆட்டத்தின் உறுதியான எலும்புக்கூட்டில் கைவைக்காமல், புதியவர் நுழைவதற்கு இருந்த தடைகளை மட்டும் நீக்கியிருப்பதே இதன் பெருமை என்று கருதுகிறேன்.

சண்டைகள் இப்போதும் கட்டங்கள் வரைந்த சிறு களத்தில்தான் நடக்கின்றன. எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. அடுத்து யாருடைய முறை வரும் என்பதைக் காட்டும் அளவுகோலும், எதிரியின் உயிர்ப்பட்டையும், அவருக்கு எந்தத் தாக்குதல் எடுபடும் என்ற குறிப்பும் திரையிலேயே தெரிவதால், முன்பு அனுபவத்தால் ஊகிக்க வேண்டியிருந்ததை இப்போது கண்ணால் பார்த்துத் திட்டமிட முடிகிறது. இதனால் ஆட்டம் எளிதாகிவிடவில்லை. தோற்றால் ஏன் தோற்றோம் என்பது புரிகிறது.

பிற மொழியினருக்கேற்ப உரையாடலை மாற்றியமைக்கும் உள்ளூர்மயமாக்கல்தான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கும் பகுதி. ஆட்டம் வெவ்வேறு காலகட்டங்களில் நடக்கும் தனித்தனிக் கதைகளாக விரிகிறது: முதலில் ஏழு, அவற்றுக்குப் பின் எட்டாவதாக இடைக்காலம். எட்டுக்கும் எட்டு விதமான கதாநாயகர்கள் இருக்கும்போது, எல்லோரையும் ஒரே நடையில் பேசவைத்திருந்தால் ஆட்டமே சிதைந்திருக்கும். ஆங்கிலப் பதிப்பில் அமெரிக்க மேற்குப் பகுதியினர் கொச்சை கலந்து பேசுகிறார்கள். பேரரசுக் காலச் சீனாவின் முதிய ஆசான் ‘ஷிஃபு’ (சீனத்தில் ஆசான்) என்றே அழைக்கப்படுகிறார். இடைக்கால வீரர்களின் பேச்சில் பழமையின் கம்பீரம் கேட்கிறது. கற்காலப் பகுதியிலோ அநேகமாகப் பேச்சே கிடையாது, சைகையும் உறுமலும்தான். அந்தப் பகுதி எந்த நாட்டவருக்கும் மாறாமல் சென்று சேர்வதைப் பார்க்கையில், பிற பகுதிகளில் மொழிபெயர்ப்பாளர்கள் சுமந்த பாரம் எவ்வளவு என்பது நன்றாகவே விளங்குகிறது. குரல்களை ஜப்பானிய மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பது எனக்குத் தனிச் சுவையாகிவிட்டது.

ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். மூல ஆட்டத்தின் முதல் ஏழு கதாநாயகர்களையும் ஏழு மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஓவியர்கள் வடிவமைத்தனர்; ஜப்பானின் எடோ காலத்து நிஞ்ஜாவை வரைந்தவர், பின்னர் ‘டிடெக்டிவ் கோனன்’ மங்கா வழியாக உலகப் புகழ் பெற்ற கோஷோ அவோயாமா. மறுஆக்கத்தில் ஓவியர் நவோகி இகுஷிமா அனைவரையும் மீண்டும் வரைந்திருக்கிறார். அவர் கை தேர்ந்தது, படங்கள் அழகானவை. ஆயினும் காலத்துக்குக் காலம் ஓவியரே மாறிய அந்தப் பழைய துணிச்சல் இதில் குறைவு. மாறாக, மூல ஆட்டத்தின் இசையமைப்பாளர் யோகோ ஷிமோமுராவின் இசை, அவருடைய மேற்பார்வையிலேயே புதுப்பிக்கப்பட்டதால், மூலத்தின் வேகத்தைச் சற்றும் இழக்கவில்லை.

மறுபடி ஆடுவதற்குச் சிறந்தது எடோ பகுதி. கோட்டைக்குள் இருக்கும் நூறு பேரையும் வெட்டிச் சாய்க்கலாம், ஒருவரையும் கொல்லாமலும் கடந்து செல்லலாம். இரண்டும் முற்றிலும் வேறான ஆட்டங்கள். இடைக்காலப் பகுதியில் நடைக்கு நடை குறுக்கிடும் சண்டைகள் இன்று சலிப்பூட்டுகின்றன என்பது உண்மை. அதற்காக அப்பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம். முந்தைய ஏழு கதைகளும் ஏன் சொல்லப்பட்டன என்பதற்கான விடை அங்குதான் கிடைக்கிறது.