கடைசி வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர்: 5-க்கு 3 மதிப்பெண்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் அருமை. வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது, தெருவில் கடைசி வீடு. எங்கள் போர் தண்ணியில் ஆறு விசில் வைத்தாலும் துவரம்பருப்பு முழுசாகவே கிடக்கும், எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெள்ளையாக உப்பு படிந்து புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. காவிரித் தண்ணியில் மூன்று விசிலில் பருப்பு குழைந்துவிடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி இரண்டையும் பார்த்தேன்: லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போரில் 1,400, காவிரியில் 300-க்குள். 500 வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இத்தனை வருஷமாக நாங்கள் "வேறு வழியே இல்லாத" கணக்கில்தான் இருந்தோம்.

பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு மேட்டூர் தண்ணீரைக் குடிக்கிறோமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர், அதில் 222 தமிழ்நாட்டில்தான், ஆனாலும் பெரும்பாலான வருஷம் மணல்தான் ஓடும். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்தோம், அவர்கள் ஆற்றில் தண்ணீர் பார்த்ததே இல்லை. மேலே தடுப்பணைகள், இங்கே மணல் கொள்ளை, அப்புறம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. தோல் கழிவு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, ஆனால் கெட்ட நிலத்தடி நீர் அவ்வளவு சீக்கிரம் திரும்புமா? அதனால்தான் 1,295 கோடி ரூபாயில் காவிரியை இந்தப் பக்கம் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்களுக்குப் பெரிய விஷயம். மனசார நன்றி சொல்கிறேன்.

இப்போது குறைக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டப்படி கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். எங்கள் வீட்டில் ஐந்து பேர், அப்படியென்றால் 275 லிட்டர் வர வேண்டும். எங்களுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் விடுகிறார்கள். போன வாரம் செல்போனில் நேரம் வைத்து அளந்தேன். 15 லிட்டர் குடம் நிறைய 1 நிமிடம் 50 விநாடி. 45 நிமிடத்தில் 24 குடம், அதாவது 360 லிட்டர். நான்கு நாளுக்கும் ஐந்து பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு 18 லிட்டர்தான் வருகிறது. தெருவின் முதல் வீட்டில் அதே நேரத்தில் தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியே நிரம்பி வழிகிறது, நடுவில் இரண்டு வீட்டில் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறின தண்ணீரை ஊர் ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தால் 55 சரியாகவே வரலாம், நான் அதை மறுக்கவில்லை, ஆனால் அந்த 55 கடைசி வீட்டுக் குடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று இதுவரை யாரும் வந்து அளக்கவில்லை.

அதைவிடப் பெரிய கஷ்டம், எப்போது வரும் என்று தெரியாதது. ஒரு நாள் விடியற்காலை நாலு மணி, இன்னொரு நாள் மத்தியானம் இரண்டு. மத்தியானம் வந்தால் வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு சொட்டு பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனிக்குப் போகிறவர், தண்ணீர் முறை தவறிவிடும் என்று மாதத்தில் இரண்டு நாளாவது அரை நாள் சம்பளத்தை விடுகிறார். டேங்க் ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டால், "மெயின்ல எப்ப வருதோ அப்பதாம்மா ஏத்த முடியும், எனக்கே தெரியாது" என்கிறார். அவர் மேல் தப்பில்லை, ராத்திரி பகலாக வால்வுக்கும் வீட்டுக்கும் நடக்கிற மனிதர். தொட்டி நிரம்பினதும் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குக் காசே ஆகாது. இரண்டு வாரம் போட்டார்கள், அப்புறம் நின்றுவிட்டது.

குளோரின் சில நாள் மூக்கைத் துளைக்கும், சில நாள் சுத்தமாக இருக்காது. தொட்டி கழுவின தேதியைத் தூணில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கடைசியாக எழுதினது ஐந்து மாதத்துக்கு முந்தின தேதி.

இன்னொன்று. போன வருஷம் சாலை வேலையில் எங்கோ குழாய் உடைந்து பதினோரு நாள் காவிரி வரவில்லை. கேன் 35 ரூபாய், டிராக்டர் தண்ணிக்கு வரிசை. அப்போதுதான் ஊர்ப் பொதுக்கிணறு ஞாபகத்துக்கு வந்தது, எட்டிப் பார்த்தால் குப்பை. காவிரி வந்த தைரியத்தில் அதை நாங்களும் சேர்ந்துதான் கைவிட்டோம். கணியம்பாடி பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறைகிணறு இறக்கி மழைநீரைப் பூமிக்குள் அனுப்பினார்கள், அதே மாவட்டம்தானே இது? தூரத்துக் குழாய் ஒன்றை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், கிணற்றைத் தூர்வாரவும் அதிலேயே ஒரு பங்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

தண்ணீரின் தரத்துக்கு 5, அளவுக்கு 2, நேரத்துக்கு 1. மொத்தத்தில் 3 கொடுக்கிறேன், பருப்பு வேகிறதே என்ற ஒரே காரணத்துக்காக.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்கு இந்தக் குடக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகப் போகிறேன், அக்காவும் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் தெருவிலும் கடைசி வீட்டில் அளந்து பாருங்கள், ஒரு குடமும் ஒரு போனும் போதும். எத்தனை விநாடி ஆனது என்று கீழே எழுதுங்கள், அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.