எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபாரா, ஃபார்வர்டடா?

ப்ராக்ஸிக்கு (கோரிக்கைகளை வாங்கிக் கைமாற்றும் இடைநிலை சர்வருக்கு) பின்னால் நிற்கும் ஏபிஐ சர்வருக்கு எல்லாக் கோரிக்கைகளும் ப்ராக்ஸியின் ஐபி முகவரியிலிருந்தே வருவதுபோல் தெரியும். அனுப்பியவரின் முகவரியைக் கடத்த இரண்டு ஹெடர்கள் (கோரிக்கையோடு சேர்ந்து வரும் தகவல் வரிகள்) உண்டு.

பழையது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார். முறையான தரநிலை இல்லாமலேயே பரவிவிட்டது. முகவரிகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கும், அவ்வளவுதான். வந்தது எச்டிடிபிஎஸ் வழியாகவா என்று சொல்ல இன்னொரு ஹெடர் வேண்டும். புதியது, 2014இல் ஆர்எஃப்சி 7239 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த ஃபார்வர்டட்; 'ஃபார்=192.0.2.60;ப்ரோட்டோ=எச்டிடிபிஎஸ்' என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஆனால் அதில் ஐபிவி6 (புதிய, நீளமான வகை) முகவரியைச் சதுர அடைப்பிலும் மேற்கோள் குறியிலும் பொதிய வேண்டும். அவசரத்தில் எழுதிய நிரல்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

அமைப்பின் அழகில் எனக்குப் புதியதே பிடிக்கும். இருந்தும் வேலைக்குப் பழையதையே எடுப்பேன்: ப்ராக்ஸியாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில் அதற்கென்றே ஆயத்தமான மாறி இருக்கிறது.

எதை எடுத்தாலும் ஓர் ஆபத்து மாறாது. 'நான் 10.0.0.1' என்று யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பட்டியலின் இடக்கோடியை அப்படியே நம்பாதீர்கள்; அந்தப் பொய் அங்கேதான் நிற்கும். வலப்பக்கத்திலிருந்து எண்ணி, உங்கள் ப்ராக்ஸி சேர்த்த முகவரியை மட்டும் எடுங்கள்.