மெயில் சர்வரை எந்த இயங்குதளத்துக்கு மாற்றுவது: அல்மாலினக்ஸ், டெபியன், ஃப்ரீபிஎஸ்டி

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் நாளோடு முடிந்த பின்னும், அதன்மேல் அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்ததைப் பெட்டிகளில் வைத்துப் பயனர்களுக்குத் தரும் டவ்காட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மெயில் சர்வர்கள் இருக்கத்தான் செய்கின்றன. எங்களுடையதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்; அதை ஃப்ரீபிஎஸ்டி 14-க்கு மாற்றியிருக்கிறோம். ஆகவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில நூறு அஞ்சல் பெட்டிகள் கொண்ட சர்வரைப் பொறுத்தவரை வேகத்திலோ நினைவகத் தேவையிலோ இந்த மூன்று இயங்குதளங்களுக்குள் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தேவையான மென்பொருள்கள் எல்லாம் எதிலும் கிடைக்கும். அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தும் இரவில் எத்தனை பொருள்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன, ஏதாவது இடறினால் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்ற இரண்டையும் வைத்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம்.

அல்மாலினக்ஸ் 9-இன் பலம் அதன் ஆயுள். 2032 மே வரை ஆதரவு உண்டு. அதுவரை போஸ்ட்ஃபிக்ஸ் 3.5, டவ்காட் 2.3 என்ற அதே வரிசைகளிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். சென்ட்ஓஎஸ் பழக்கம் உள்ளவருக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. அஞ்சல்களை வழக்கமான இடத்தில் வைக்காமல் வேறு அடைவில் வைத்திருந்தால் எஸ்இலினக்ஸ் என்ற அணுகல் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அதை முறையாக அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்ட மாற்றங்கள் அனைத்தும் முடிவில் ஒரே நாளில் வந்து நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.10, டவ்காட் 2.2 என்று உறைந்துபோன சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து வெளியேறும்போது நாங்கள் பட்டதும் இதையேதான்.

டெபியன் இந்தச் சுமையைச் சிறு தவணைகளாகப் பிரிக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு. இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துவதில் டெபியனுக்கு இருக்கும் நற்பெயர் நியாயமானது. சிக்கல், இயங்குதளமும் அஞ்சல் மென்பொருளும் அங்கே ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதுதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அதற்குக் கண்கூடான சான்று. டெபியன் 12-இல் இருந்த டவ்காட் 2.3, அதில் 2.4 ஆகிவிட்டது, 2.3-இன் அமைவுக் கோப்பை 2.4 ஏற்காது. கோப்பின் முதல் அமைப்பாக அமைவின் பதிப்பு எண்ணை எழுத வேண்டும். அஞ்சல் இருக்கும் இடத்தை ஒரே வரியில் சொல்லிவந்த பழைய முறை போய், வடிவம் ஒரு வரியிலும் பாதை இன்னொரு வரியிலுமாகப் பிரிந்துவிட்டது. சான்றிதழுக்கான பெயர்களும் மாறிவிட்டன. இயங்குதளத்தின் மையமான கர்னல், குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல், போஸ்ட்ஃபிக்ஸ் ஆகியவை மாறும் அதே இரவில் இதையும் சமாளிக்க வேண்டும். முன்கூட்டியே வேறொரு கணினியில் ஒத்திகை பார்க்கலாம்; பார்க்கவும் வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்பு வேறு, மேலே நிறுவும் பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) வேறு. பொதிகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பிரியும் காலாண்டுக் கிளையிலிருந்து வருகின்றன. இயங்குதளத்தின் பெரிய பதிப்பை மாற்றும்போது எல்லாப் பொதிகளையும் மறுபடி நிறுவ வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதே காலாண்டுக் கிளையிலிருந்து எடுத்தால், புதிய அமைப்புக்காகத் தொகுக்கப்பட்ட அதே டவ்காட்தான் வந்து சேரும். டவ்காட்டின் பெரிய மாற்றத்தை அதற்கு முன்போ பின்போ தனியாக ஒரு நாள் குறித்துச் செய்துகொள்ளலாம்.

இதனுடன் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை சேரும்போதுதான் எங்களுக்கு முடிவு எளிதானது. மேம்படுத்தும் முன் ஒரு துவக்கச் சூழலை (அமைப்பின் அப்போதைய நிலையைத் தாங்கிய, அதிலிருந்தே கணினியைத் துவக்கக்கூடிய பதிவை) உருவாக்கி வைத்தால், அடிப்படை அமைப்பு, பொதிகள், அவற்றின் அமைவுக் கோப்புகள் அனைத்தும் சேர்ந்து அதில் பதிவாகிவிடும். ஏதாவது தவறினால் அதைத் தேர்ந்து மறுதொடக்கம் செய்வதோடு வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் முதலிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும். நிறுவும் நிரல் உருவாக்கித் தரும் இயல்பான பிரிவுகளில், போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்ப வேண்டிய அஞ்சல்கள் காத்திருக்கும் வரிசை உள்ள ஸ்பூல் அடைவு அந்தத் துவக்கச் சூழலுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அப்படியே விட்டால், பின்னோக்கித் திரும்பும்போது வரிசையும் பின்னோக்கிப் போய்விடும்: ஏற்கெனவே அனுப்பிய அஞ்சல் மறுபடி போகலாம், இடையில் வந்து காத்திருந்தது மறைந்தும் போகலாம். ஸ்பூலுக்கும் அஞ்சல் பெட்டிகளுக்கும் தனித்தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸில் தனியாகக் கையாளக்கூடிய பிரிவு) ஒதுக்குவது சில நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் இந்த வசதியைப் பயன்படுத்தவே கூடாது.

ஃப்ரீபிஎஸ்டிக்கும் விலை உண்டு. 14 வரிசைக்கு 2028 நவம்பர் வரை ஆதரவு என்றாலும், அதற்குள் வரும் ஒவ்வொரு சிறு பதிப்பும் அடுத்தது வந்த மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும்; ஆகவே அடிக்கடி கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொதிகளைக் கவனிக்காமல் மேம்படுத்தினால் டவ்காட்டின் பெரிய பதிப்பும் கூடவே நுழைந்துவிடும் என்பதால், அதைப் பூட்டி வைப்பது நல்லது. பல்லாயிரம் பெட்டிகள் கொண்ட சர்வரை இதில் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தையும் சிறிது காலம் சோதனையாக ஓட்டினோம். அடிப்படையிலேயே வரும் அஞ்சல் மென்பொருளான ஓப்பன்எஸ்எம்டிபிடியின் அமைவுக் கோப்பு படிக்கவே இதமானது. ஆனால் எங்கள் பயனர்களின் கடவுச்சொற்கள் ஷா512-கிரிப்ட் என்ற மறைவடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. ஓப்பன்பிஎஸ்டியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கிரிப்ட், பிகிரிப்ட் என்ற வேறொரு வடிவத்தை மட்டுமே ஏற்கும். எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

இரண்டு சர்வர்களுக்கிடையே அஞ்சல் பெட்டிகளை ஒத்திசைக்க டவ்காட்டின் ரெப்ளிகேட்டரை நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் என் விடை வேறு. 2.4-இல் அந்த வசதியே நீக்கப்பட்டுவிட்டதால், எந்த இயங்குதளத்தில் 2.4-க்குப் போனாலும் அது கிடைக்காது; மாற்று ஏற்பாடு ஒன்று உறுதியாகும் வரை, அல்மாலினக்ஸ் 9-இல் உள்ள 2.3-லேயே இருப்பதுதான் அவர்களுக்கு ஏற்றது.