மினயான் சீக்வென்சர்: டி.என்.ஏ. சுத்தமாக இருந்தால் வாங்கலாம்

ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் மினயான், மடிக்கணினியில் செருகி ஓட்டக்கூடிய டி.என்.ஏ. சீக்வென்சர், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை வாசிக்கும் கருவி. ஃப்ளோசெல்லோடு (டி.என்.ஏ.வை ஊற்றும், மாற்றக்கூடிய சிப்) சேர்த்தாலும் எடை சுமார் 100 கிராம்தான். 2014இல் சோதனைப் பயனர்களிடம் வந்தபோது எழுத்துப் பிழைகளுக்காகப் பேர்போன கருவி இது. இன்றைய ஆர்10.4.1 ஃப்ளோசெல், கிட் 14 வேதிப்பொருள்கள், எழுத்தாக்கும் மென்பொருளின் ‘சூப்பர்’ துல்லிய மாடல் மூன்றும் சேர்ந்தால், ஒற்றை வாசிப்பிலேயே (ஓர் இழையை ஒருமுறை வாசித்ததிலேயே) துல்லியம் 99 சதவீதத்தை எட்டிவிடுகிறது. சிறு ஆய்வகங்கள் இதை நம்பி வாங்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: வாங்கலாம். ஆனால் வெற்றி தோல்வி பெரும்பாலும் கருவியில் இல்லை, டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் மேசையில் இருக்கிறது. அதனால் இந்த மதிப்புரையில் அந்த மேசைக்கே அதிக இடம்.

கருவி சாதித்தவற்றை முதலில் சொல்லிவிடுவோம். 2015இல் எபோலா பரவிய கினி நாட்டுக்கு 50 கிலோவுக்கும் குறைவான பயணச்சுமையில் ஓர் ஆய்வகமே எடுத்துச் செல்லப்பட்டது. அங்கு 142 நோய் மாதிரிகளின் வைரஸ் ஜீனோம் (முழு மரபணுத் தொகுதி) வாசிக்கப்பட்டது. மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல முடிந்தது. 2018இல் மினயான் தரவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு ஒரு மனித ஜீனோம் கோக்கப்பட்டது. அதில் மிக நீண்ட வாசிப்பு 882 கிலோபேஸ் (8,82,000 எழுத்து). 2022இல் மனித ஜீனோமில் விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதம் நிரப்பப்பட்டு முழுமையான வரிசை வெளியானபோது, பேக்பயோ நிறுவனக் கருவிகளின் துல்லியமான வாசிப்புகளோடு நானோபோரின் மிக நீண்ட வாசிப்புகளும் கைகொடுத்தன. குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர் போல ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை, குறுவாசிப்புக் கருவிகள் தரும் 150 எழுத்துத் துண்டுகளால் கடக்க முடியாது.

வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் எது ஏன் கெடுகிறது என்பதும் புரியும். மின்கடத்தாத மெல்லிய சவ்வில் ஒரு புரதத் துளை பதிந்திருக்கிறது. மோட்டார் புரதம் டி.என்.ஏ. இழையை நொடிக்கு சுமார் 400 எழுத்து வேகத்தில் துளைக்குள் விடுகிறது. உள்ளே போகும் எழுத்துகளுக்கு ஏற்ப அயனி மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தை மென்பொருள் எழுத்தாக்குகிறது. பி.சி.ஆர். முறையில் நகலெடுக்காத இழையே நேராக வாசிக்கப்படுவதால், மெத்தில் குறி (டி.என்.ஏ. எழுத்தில் ஒட்டும் சிறு வேதி அடையாளம்) உள்ள சைட்டோசின் எழுத்தையும் பைசல்ஃபைட் வேதிவினை இல்லாமல் அதே ஓட்டத்தில் கண்டுகொள்ளலாம். எபிஜெனடிக்ஸ் (இத்தகைய குறிகளை ஆராயும் துறை) செய்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கருவி தகும். மறுபுறம், துளையை அடைக்கும் அழுக்கு எதுவானாலும், சவ்வைக் கிழிக்கும் காற்றுக்குமிழி ஒன்றே ஒன்றானாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

கருவியின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆரம்பத்தில் 1000 டாலருக்குத் தொடக்கத் தொகுப்பாகவே விற்றார்கள்; பணம் கரைவது ஃப்ளோசெல்லிலும் கிட்டிலும்தான். ஒரு மினயான் ஃப்ளோசெல்லில் 512 சேனல் (மின்னோட்டத்தை அளக்கும் வழி), சேனலுக்கு 4 குழி, ஆக 2048 குழிகள். இவற்றில் குறைந்தது 800 துளைகள் உயிரோடு இருக்கும் என்பது நிறுவனத்தின் உத்தரவாதம். சோதனையில் அதற்குக் குறைவாக வந்து, இரண்டு நாளுக்குள் தெரிவித்தால் மாற்றித் தருகிறார்கள். ஆகவே பார்சல் வந்த அன்றே மின்நோ மென்பொருளில் ஃப்ளோசெல் சோதனையை ஓட்டி, எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறையவிட்டால் தீர்ந்தது. குளிர்பதனப் பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைப்பது பலர் கவனிக்காத ஆபத்து. அங்கே பனி பிடிக்கும்.

இனி டி.என்.ஏ. ஜீனோமிக் டி.என்.ஏ.வை லிகேஷன் (ஒட்டுதல்) கிட்டில் (எஸ்.க்யூ.கே.-எல்.எஸ்.கே.114) போட 1 மைக்ரோகிராம் வேண்டும். ஒளி உறிஞ்சலை அளந்து சுத்தத்தைக் காட்டும் நானோட்ராப்பில் 260/280 விகிதம் 1.8ஐ ஒட்டியும், 260/230 விகிதம் 2.0 முதல் 2.2 வரையும் வர வேண்டும். இரண்டாவது விகிதம் 1.5க்குக் கீழே இருந்தால் பீனாலோ, குவானிடின் உப்போ, தாவரப் பாலிசாக்கரைடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அப்படியே ஏற்றினால் முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு துளைகள் கூட்டமாக அடைபடும். அளவை மட்டும் க்யூபிட்டில் (டி.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தால் அளக்கும் கருவி) பாருங்கள். நானோட்ராப் 200 நானோகிராம் என்று காட்ட, க்யூபிட் 60 என்று சொன்னால், இடையில் இருப்பது பெரும்பாலும் ஆர்.என்.ஏ. அதற்கு ஆர்.என்.ஏஸ் ஏ நொதி போட்டு மறுபடி சுத்தம் செய்வதுதான் வழி.

நீளத்திலும் அளவு மீறக் கூடாது. பீட்ஸ் (சிறு மணிகள்) போட்டு அதிரவைத்து உடைத்த பாக்டீரியாவிலிருந்து வரும் டி.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் இருக்கும். எந்த ஃப்ளோசெல்லாலும் அதை நீளமாக்கிவிட முடியாது. மாறாக, பிசுபிசுவென்று நூல் நூலாக வரும் மிக நீண்ட டி.என்.ஏ. துளைகளை விரைவில் அடைத்து மொத்தத் தரவு விளைச்சலைக் குறைக்கும், பைப்பெட் அளவும் பொய்யாகும். பாக்டீரியா ஜீனோம் கோர்க்க 10 முதல் 30 கிலோபேஸ் நீளமே தாராளம்.

லைப்ரரி (வாசிப்புக்குத் தயாராக்கிய டி.என்.ஏ.) தயாரிப்பில் இரண்டு வழி. ராபிட் கிட்டில் டிரான்ஸ்போசேஸ் நொதி டி.என்.ஏ.வை வெட்டி, அதே இடத்தில் டேகையும் (சிறு அடையாளத் துண்டு) ஒட்டுகிறது. 30 டிகிரியில் 2 நிமிடம், 80 டிகிரியில் 2 நிமிடம், பிறகு அடாப்டருடன் (இழையின் முனையில் ஒட்டும் இணைப்புத் துண்டு) அறை வெப்பத்தில் 5 நிமிடம். வேகம் அபாரம், விளைச்சல் குறைவு. களப்பணிக்கும் பிளாஸ்மிட்டுக்கும் (சிறு வட்ட டி.என்.ஏ.) இது போதும். விளைச்சல் வேண்டுமென்றால் லிகேஷன்தான்: முனை சீரமைப்பு 20 டிகிரியில் 5 நிமிடம், 65 டிகிரியில் 5 நிமிடம், ஆம்ப்யூர் பீட்ஸில் (டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் காந்த மணிகள்) சுத்தம், அதன் பின் அடாப்டர், லிகேஷன் பஃபர், டி4 லிகேஸ் (ஒட்டும் நொதி) சேர்த்து அறை வெப்பத்தில் 10 நிமிடம்.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் வழுக்கி விழுகிறார்கள். முதல் சுத்தத்தில் அன்றன்று கலந்த 80 சதவீத எத்தனாலால் கழுவலாம், கழுவவும் வேண்டும். அடாப்டர் ஒட்டிய பின் நடக்கும் இரண்டாவது சுத்தத்தில் எத்தனாலைத் தொடவே கூடாது. அடாப்டரோடு மோட்டார் புரதமும் ஏறியிருக்கிறது. எத்தனால் பட்டால் அது செயலிழந்துவிடும். க்யூபிட்டில் அளவு அழகாக வரும், ஃப்ளோசெல்லில் ஒரு வாசிப்பும் வராது. கிட்டில் வரும் லாங் ஃப்ராக்மென்ட் பஃபரோ ஷார்ட் ஃப்ராக்மென்ட் பஃபரோ கொண்டுதான் கழுவ வேண்டும். முன்னது 3 கிலோபேஸுக்குக் குறைந்த துண்டுகளைக் கழித்துவிடும், பின்னது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். 1.5 கிலோபேஸ் 16எஸ் ஆம்ப்ளிகானுக்கு (பாக்டீரியாவை அடையாளம் காணப் பி.சி.ஆரில் பெருக்கிய மரபணுத் துண்டு) முன்னதைப் போட்டு, லைப்ரரி முழுவதையும் சாக்கடையில் ஊற்றியவர்கள் உண்டு.

ஏற்றும் அளவை நானோகிராமில் யோசிக்காமல் மூலக்கூறு எண்ணிக்கையில் யோசிக்க வேண்டும். 35 முதல் 50 ஃபெம்டோமோல் (மூலக்கூறு எண்ணிக்கையின் மிகச் சிறிய அலகு) இலக்கு. சராசரி நீளம் 10 கிலோபேஸ் என்றால் சுமார் 230 முதல் 325 நானோகிராம். 20 கிலோபேஸ் என்றால் அதைப்போல் இரு மடங்கு. குறைத்து ஏற்றினால் துளைகள் இழைக்காகக் காத்துக்கிடக்கும், ஓட்ட நேரம் வீணாகும்.

ஃப்ளோசெல்லில் ஊற்றுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் கைப்பக்குவம் முழுவதும் அங்கேதான். ப்ரைமிங் துளையை (ஃப்ளோசெல்லைத் தயார்ப்படுத்தும் திரவத்தை விடும் வாய்) திறந்ததும் உள்ளே ஒரு சிறு குமிழி இருக்கும். பி1000 பைப்பெட்டை 200 மைக்ரோலிட்டரில் வைத்து, முனையைத் துளையில் செருகி, பொத்தானைத் தொடாமல் சக்கரத்தைத் திருப்பி 220 முதல் 230 வரை ஏற்றுங்கள். 20 முதல் 30 மைக்ரோலிட்டர் மஞ்சள் பஃபர் மேலே வரும், குமிழியும் கூட வந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் சிப்பே உலர்ந்து துளைகள் சாகும். 800 மைக்ரோலிட்டர் ப்ரைமிங் கலவை, 5 நிமிடம் காத்திருப்பு, ஸ்பாட்ஆன் (லைப்ரரியை ஏற்றும் துளை) மூடியைத் திறந்து இன்னொரு 200 மைக்ரோலிட்டர் — அதுவும் ப்ரைமிங் துளை வழியாகத்தான். கடைசியாக 37.5 மைக்ரோலிட்டர் சீக்வென்சிங் பஃபர், 25.5 மைக்ரோலிட்டர் லைப்ரரி பீட்ஸ், 12 மைக்ரோலிட்டர் லைப்ரரி சேர்ந்த 75 மைக்ரோலிட்டரை ஸ்பாட்ஆன் துளையில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பீட்ஸ் நொடிகளில் படிந்துவிடும் என்பதால் ஏற்றுவதற்குச் சற்று முன் மறுபடி கலக்க மறக்கக் கூடாது. ஒளிமறைப்பு மூடியைப் போட்ட பிறகே ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

திரையில் வெளிர்பச்சை என்றால் இழை ஓடுகிறது, கரும்பச்சை என்றால் துளை சும்மா இருக்கிறது. கரும்பச்சை மிகுந்தால் லைப்ரரி போதவில்லை. துளைகள் வேலை செய்யாததைக் காட்டும் நீலம் வேகமாக ஏறினால் அழுக்கு. அப்போது ஓட்டத்தை நிறுத்தி வாஷ் கிட் போடலாம்: 2 மைக்ரோலிட்டர் வாஷ் மிக்ஸ், 398 மைக்ரோலிட்டர் டைல்யூவென்ட், ஒரு மணி நேரம். உள்ளிருக்கும் டி.என்.ஏஸ் நொதி அடைத்த இழைகளைச் செரித்துவிடும், பல துளைகள் மீளும். ஆனாலும் முந்தைய மாதிரியின் எச்சம் துளி மீந்திருக்கும் என்பதால், அடுத்த ஓட்டத்துக்கு வேறு பார்கோடு (ஒவ்வொரு மாதிரியையும் பிரித்தறிய ஒட்டும் குறி வரிசை) எண்களையே எடுக்க வேண்டும். நோய்க்கிருமி ஆய்வில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

கணினிச் செலவைப் பலர் கடைசியில்தான் எண்ணுகிறார்கள். மின்னோட்டத்தை எழுத்தாக்கும் டோராடோ மென்பொருளில் சூப்பர் மாடலை வெறும் சி.பி.யு.வில் ஓட்ட நினைத்தால், ஒரு ஓட்டத்தை எழுத்தாக்க வாரக்கணக்கில் ஆகும். 8 ஜி.பி.க்குக் குறையாத நினைவகம் கொண்ட என்விடியா ஜி.பி.யு., 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. இரண்டும் தேவை. மூல மின்னோட்டப் பதிவான பாட்5 கோப்புகளை அழித்துவிடாதீர்கள். புதிய மாடல் வரும்போது அதே தரவை மறுபடி எழுத்தாக்கித் துல்லியத்தைக் கூட்டலாம். மற்ற சீக்வென்சர்களில் அநேகமாகக் கிடைக்காத வசதி இது.

எதற்குப் பொருந்தும் என்பது ஒரு கணக்கில் தெரிந்துவிடும். ஒரு ஃப்ளோசெல்லில் 48 கிகாபேஸ் (ஒரு கிகாபேஸ் 100 கோடி எழுத்து) வரை கிடைக்கும் என்கிறது நிறுவனம். நல்ல கையில் 10 முதல் 20 வரை எதிர்பார்ப்பதே நியாயம். 5 மெகாபேஸ் (50 லட்சம் எழுத்து) பாக்டீரியாவை 100 மடங்கு ஆழத்தில் வாசிக்க அரை கிகாபேஸ் போதும். ஆக, பார்கோடு போட்டு 20 பாக்டீரியாவை ஒரே ஃப்ளோசெல்லில் முடிக்கலாம். மனித ஜீனோமை 30 மடங்கு வாசிக்க 90 கிகாபேஸுக்கு மேல் வேண்டும். அதற்கு அதே நிறுவனத்தின் பெரிய கருவியான ப்ரோமெத்தயான்தான் சரி. ஒரே எழுத்து நீளமாகத் தொடரும் இடங்களிலும், பாக்டீரியாவின் மெத்தில் குறியிட்ட மோட்டிஃப்களிலும் (குறிப்பிட்ட குறு வரிசைகள்) பிழை இன்னும் தங்குகிறது. எனவே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்கும் திசுக்கட்டி மாற்றங்களை இதில் தேட வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்குச் சொந்த மாதிரியை எடுக்காமல், 48.5 கிலோபேஸ் லாம்டா (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) டி.என்.ஏ.வை எடுங்கள். கைப்பழக்கத்துக்கு 126 சேனல் கொண்ட, விலை குறைந்த ஃப்ளாங்கிள் சிப்பே போதும். அதை மினயானில் பொருத்தும் அடாப்டர் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். லாம்டா நன்றாக ஓடி, உங்கள் மாதிரி மட்டும் ஓட மறுத்தால், கருவியையும் கிட்டையும் விட்டுவிட்டுப் பிரித்தெடுக்கும் முறையை மாற்றுங்கள்.