ரத்தம் எடுக்கத் தெரிந்த லேப்

நான் வார்டு நர்ஸ். அத்தையை இந்த லேபுக்குக் கூட்டிப்போனபோது என் கண் ரத்தம் பிடிக்கும் டியூப்களின் கலர் மூடிகள் மேலேயே இருந்தது. நீலம் முதலில், ஊதா கடைசியில், வரிசை சரி. மாறினால் ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் பொட்டாசியம் இடிடிஏ அடுத்த டியூபில் கலந்து, ரிசல்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். நீல டியூபைக் கோடு வரை நிரப்பினார் ரத்தம் எடுத்த பெண். குறைந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆரை நம்ப முடியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் அத்தைக்கு டோஸே அதை வைத்துத்தான். குலுக்காமல், மெதுவாகக் கவிழ்த்துக் கலந்தார்.

அத்தைக்கு நரம்பு ரொம்பச் சன்னம். பொட்டாசியம் 6.1 என்று அதிகமாக வந்ததும், "எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சு பொட்டாசியம் கசிஞ்சிருக்கும்மா, திரும்ப எடுத்துடலாம்" என்று அவர்களே போன் செய்தார்கள். காசு வாங்கவில்லை. இரண்டாவது 4.3, நார்மல். இந்த நேர்மைக்காகவே போகலாம்.

காலையில் நாற்காலி போதவில்லை. வெறும் வயிற்றோடு வரும் வயசானவர்களுக்காவது கூடுதலாகப் போடுங்கள்.