மூன்று வருடம் கொப்பியில் எழுதிய இணைய வேகம்

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு 4ஜி ரவுட்டர் வந்து மூன்று வருடமாகிறது. கலியாண வீடியோ எடிட் செய்து அனுப்புவது என் தொழில் என்பதால், காலை 6 மணி, பிற்பகல் 3, இரவு 9 என்று வேகத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்.

போன மாதம் கல்முனையிலிருந்து தம்பி கோல் எடுத்தான். "அக்கா, 40 எண்டு சொல்லித்தான் தந்தாங்க, படம் இறக்கினா 5தான் காட்டுது." முதல் மாதம் நானும் இப்படித்தான் கோபப்பட்டேன். பக்கேஜில் சொல்வது செக்கனுக்கு 40 மெகாபிட். கணினி காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 40ஐ 8ஆல் வகுத்தால் 5. அவனுக்குக் கிடைப்பது முழு வேகம்தான்.

எனக்கு வேலையைக் கெடுத்தது மேலேற்றும் வேகம். வாங்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கலியாண வீடியோ 10 ஜிகாபைட் என்று வையுங்கள், அது 80,000 மெகாபிட். இரவு 9 மணிக்கு எனக்குக் கிடைப்பது 4 மெகாபிட்; அனுப்பி முடிக்க ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கும். விடிய 12 மெகாபிட் வரும், இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடும். ஒரே சிக்னல் கோபுரத்தை ஊரே பங்கு போடுகிற நேரம் இரவு. மாரியில் மழையைக் குறை சொல்வார்கள். 4ஜி அலைக்கு மழை பெரிய தடையில்லை. மழை நாளில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து போன் பார்ப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அளக்கும் விதமும் முக்கியம். அறைக்குள் வைஃபையில் 18 காட்டிய அதே நேரம், ரவுட்டரில் கேபிள் குத்திப் பார்த்தால் 38. இடையில் இருந்த சுவர் தின்றது மீதி! ரவுட்டரை ஜன்னலோரம் மாற்றி, எடிட் கணினிக்குக் கேபிள் இழுத்தேன். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட்.காம் தளத்தில் முதலில் தெரிவது இறக்கும் வேகம் மட்டுமே. மேலதிகத் தகவலை அழுத்தினால்தான் மேலேற்றும் வேகமும், பதில் வர எடுக்கும் தாமதமும் வரும். அதை அழுத்தாமல் விடாதீர்கள்.

இப்போது ஃபைபர் எடுக்க விசாரிக்கிறேன். வந்து கதைத்தவர் இந்த முறையும் இறக்கும் வேகத்தை மட்டும்தான் சொன்னார். சரி, மேலேற்றும் வேகம் எத்தனை மெகாபிட் என்று எழுத்தில் தாருங்கள், அப்புறம் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.